குப்பைக்குப் போக இருந்த ரத்தம்

போன வாரக் கதையைப் பயிற்சிக் கார் பூங்காச் சுவரில் முட்டிய இடத்தில் நிறுத்தியிருந்தோம். பயப்படாதீர்கள், யாருக்கும் அடியில்லை. காருக்கு ஒரு முன்விளக்கு போனது, சுவரில் கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்தது, அவ்வளவுதான். நிஜமான அடி மாமியாருக்குத்தான் விழுந்தது, அதுவும் உடம்பில் இல்லை.

இருபத்திரண்டு வருஷமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர் அவர். ஊரில் பாதிப் பேர் அவரிடம்தான் ஸ்டியரிங் பிடித்தார்கள். சொந்தப் பெயரைச் சொன்னால் தெரியாது, 'பிரேக்கம்மா' என்றால் வழி காட்டுவார்கள். பயிற்சிக் காரில் பக்கத்து இருக்கையின் கீழும் ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்கிறவர் பதறினால் பிரேக்கம்மாவின் கால் முந்திக்கொள்ளும். அந்தக் கால் போன வாரம் முதல் தடவையாகப் பிந்திவிட்டது.

மருமகளுக்கு அதற்கு முன்பே சந்தேகம். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறவள் கண்ணில் இதெல்லாம் தப்புமா? வீட்டில் மற்றவர்கள் வியர்த்து வழியும்போது மாமியார் சால்வையைப் போர்த்திக்கொள்கிறார். குரல் தொண்டைக்குள் பஞ்சை வைத்த மாதிரி தடித்துப்போயிருக்கிறது. முகம் லேசாக உப்பியிருக்கிறது. மத்தியானம் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிறார். கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி சோம்பிக் கிடந்தால் இப்படித்தான் இருக்கும் என்று போன வியாழக்கிழமை காலை சாப்பாட்டு மேஜையிலேயே கையை நீட்டச் சொல்லி ரத்தம் எடுத்துக்கொண்டு போனாள்.

சாயங்காலம் ரிப்போர்ட் வந்தது. எல்லாம் நார்மல்.

"மெஷின் பொய் சொல்லாது அத்தை, உங்களுக்கு ஒண்ணும் இல்லை" என்று சந்தோஷமாகத்தான் சொன்னாள். அது எப்படிப் போய் முடிந்தது பாருங்கள். உடம்பில் ஒன்றுமில்லை என்றால் வயசாகிவிட்டது என்று அர்த்தம். வயசாகிவிட்டது என்றால் அடுத்தவர் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்து ரோட்டில் போகக் கூடாது. இந்தக் கணக்கைப் போட்டவன் மகன், அதாவது மருமகளின் கணவன்.

அவன் கெட்டவன் இல்லை. லிஃப்ட் பழுது பார்க்கும் இன்ஜினியர். பிரேக் தேய்ந்த லிஃப்டில் ஒருவரையும் ஏற்ற மாட்டான், கையோடு 'பழுது' என்று பலகை மாட்டிவிடுவான். அம்மாவுக்கும் அப்படி ஒரு பலகை மாட்ட முடிவு செய்துவிட்டான். ஸ்கூலை விற்றுவிடலாம் என்றான், வாங்க ஆளும் பார்த்துவிட்டான். புதன்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குக் கையெழுத்து. மாமியார் மறுப்பார் என்று எதிர்பார்த்தோம். அவர் மறுக்கவில்லை. என் கால் என்னை ஏமாத்திடுச்சு, இனிமே யாரை நம்பி அந்த சீட்ல உட்காருவேன் என்று மட்டும் கேட்டார்.

இன்று அந்தப் புதன்கிழமை.

காலை ஏழு மணிக்கு மருமகள் சமையலறையிலிருந்து வந்தபோது மாமியார் மேஜையில் சால்வையோடு உட்கார்ந்து, மாணவர் வருகைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எழுதிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தாள். புதிதாக வருகிறவருக்கான குறிப்பு. இந்தப் பெண்ணுக்கு வளைவில் கிளட்சை விடப் பயம், அதட்டாதீர்கள். இவர் கண்ணாடியைப் பார்ப்பதே இல்லை, அதட்டுங்கள். எழுத்து முன்னைவிட மெதுவாக வந்தது. ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வரிக்கு முன்னால் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்.

மருமகள் நின்றபடியே அதை வாசித்தாள். மாமியாரோடு அவளுக்கு ஆயிரம் தகராறு உண்டு. மூன்று வருஷத்துக்கு முன் இதே ஸ்கூலில் படித்து, நாலாவது தடவைதான் லைசென்ஸ் வாங்கினாள். அதற்குப் பிறகும் பக்கத்தில் மாமியார் உட்கார்ந்தால் கை நடுங்கும் என்று காரைத் தொடுவதை விட்டுவிட்டாள். ஆனாலும் இந்த வீட்டில் நிமிர்ந்து நடக்க ஒருவரைப் பார்த்துக் கற்றுக்கொண்டாள் என்றால் அது இவரைப் பார்த்துத்தான்.

மாமியார் ஒரு காலி டப்பாவை மேஜை மேல் அவள் பக்கம் நகர்த்தினார்.

"நீ வாங்கிக் கொடுத்த முடி மாத்திரை தீர்ந்துபோச்சு. வரும்போது இன்னொண்ணு வாங்கிட்டு வாம்மா. ஸ்கூல்தான் போகுது, முடியாவது மிஞ்சட்டும்."

சிரிக்கவைக்கச் சொன்னதுதான். மருமகளுக்குச் சிரிப்பு வரவில்லை. டப்பாவைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

அந்த மாத்திரைக்கும் ஒரு கதை உண்டு. இரண்டு மாசத்துக்கு முன் மாமியார் காரை வற்புறுத்தி ஓட்டச் சொல்ல, இவள் பின்னால் எடுக்கிறேன் என்று வாசல் கேட்டில் இடித்தாள். இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. மூன்றாம் நாள் மாமியார் சீப்பில் வந்த முடியைப் பார்த்துக் கவலைப்பட்டுக்கொண்டிருந்ததைக் கவனித்து, மருந்துக் கடையில் முடி வளரும் மாத்திரை வாங்கி வந்தாள். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று கடைக்காரர் இரண்டு டப்பா கொடுத்தார். சமாதானம் ஆயிற்று. மாமியார் கடிகாரம் மாதிரி காலை ஆறு மணிக்கு ஒன்று விழுங்க ஆரம்பித்தார்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. அதே மாத்திரையைத்தான் கேட்க வேண்டும் என்று டப்பாவை எடுத்துப் பெயரைப் படித்தாள். பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில், பயோட்டின், பத்தாயிரம் மைக்ரோகிராம். இந்த வார்த்தையை வேலை செய்யும் இடத்தில் எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று ஓர் உறுத்தல். இறங்கும் இடம் வந்துவிட்டது.

பரிசோதனை நிலையத்தில் காலை நேரம் என்றால் தலை சொறியக்கூட நேரம் இருக்காது. ரத்தம் கொடுக்க வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு படிவத்தில் கேள்வி கேட்டு எழுத வேண்டும். சாப்பிட்டீர்களா, என்ன மருந்து எடுக்கிறீர்கள், கடைசியாக எப்போது எடுத்தீர்கள். பத்தரை மணிக்கு வந்த பெண்மணி, சர்க்கரைக்கு ஒரு மாத்திரை, அப்புறம் முடிக்கு ஒண்ணு, அதெல்லாம் மருந்துல சேர்த்தியா என்று கேட்டார். மருமகளின் பேனா அப்படியே நின்றது.

வீட்டு மேஜையில் மாமியாருக்கு இந்தப் படிவத்தை அவள் எழுதவில்லை. அத்தை என்ன சாப்பிடுகிறார் என்று தனக்குத் தெரியாதா என்ற நினைப்பு. தெரியும்தான். தானே வாங்கிக் கொடுத்ததால் அதை ஒரு மருந்தாகவே நினைக்கவில்லை.

அந்தப் பெண்மணியைக் கொஞ்சம் உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். தைராய்டு பரிசோதனைக்கு மெஷினில் போடும் மருந்துப் பெட்டி ஒவ்வொன்றோடும் பல மடிப்பாக மடித்த ஒரு தாள் வரும். பெட்டியைப் பிரித்ததும் தாளை இழுப்பறையில் எறிவதுதான் எல்லோருக்கும் வழக்கம். இழுப்பறை நிறைய அந்தத் தாள்கள். ஒன்றைப் பிரித்தாள். எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து. ஐந்தாவது மடிப்பில் இருந்தது. அதிக அளவு பயோட்டின் எடுத்துக்கொள்பவர்களின் ரத்தத்தில் டி.எஸ்.எச். அளவு உண்மையைவிடக் குறைவாகக் காட்டக்கூடும்.

விஷயம் இதுதான். கழுத்துச் சுரப்பி சோம்பினால் மூளை அதைத் தட்டி எழுப்பப் பார்க்கும். அந்தத் தட்டல்தான் டி.எஸ்.எச். சுரப்பி எவ்வளவு ஆழமாகத் தூங்குகிறதோ அவ்வளவு பலமாகத் தட்டும், எண் ஏறும். இவர்களுடைய மெஷின் அந்தத் தட்டலை அளக்க உள்ளே பயோட்டினைத்தான் பசையாகப் பயன்படுத்துகிறது. ரத்தத்திலேயே பயோட்டின் நிறைந்து கிடந்தால், பந்தியில் கூப்பிட்டவர்களுக்குப் போட்ட நாற்காலியில் கூப்பிடாதவர்கள் வந்து உட்கார்ந்த கதைதான். உட்கார இடம் கிடைத்த கூப்பிட்டவர்களை மட்டும் மெஷின் எண்ணிவிட்டு, கூட்டமே இல்லை என்று எழுதிவிடும்.

அன்று மாமியார் ஆறு மணிக்கு மாத்திரை போட்டார். ஏழு மணிக்கு இவள் ரத்தம் எடுத்தாள்.

கால் பிசகியது அத்தைக்கு இல்லை, எனக்குத்தான் என்று அந்த இடத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. வெட்கமும் சந்தோஷமும் ஒரே நேரத்தில் வந்தால் மனுஷிக்கு என்ன செய்வது என்று தெரியாது. அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தே முக்கால்.

ஏன் கடிகாரம்? சோதித்து முடித்த ரத்தக் குழாய்களை ஆறு நாள் குளிர்பெட்டியில் வைத்திருப்பார்கள். யாராவது மறுபடி கேட்டால் எடுத்துப் பார்க்கலாம். அதற்குப் பிறகு குப்பை. மருத்துவக் கழிவு வண்டி புதனும் சனியும் பதினோரு மணிக்கு வரும். வியாழக்கிழமை எடுத்த ரத்தத்துக்கு இன்றுதான் கடைசி.

குளிர்பெட்டியைத் திறந்தாள். வியாழக்கிழமைத் தட்டு இருந்த இடம் காலி.

பின்கட்டில், சுத்தம் செய்யும் அக்கா மூன்று பைகளைக் கட்டி வைத்துவிட்டு வண்டிக்காகக் காத்திருந்தார். தட்டை இப்போதுதான் எடுத்துக் கொட்டினாராம், ஐந்து நிமிஷம் ஆகியிருக்காதாம். எந்தப் பை என்று கேட்டதற்கு இரண்டு பைகளைக் காட்டினார். மருமகள் கையுறையை மாட்டிக்கொண்டு முதல் பையின் முடிச்சை அவிழ்த்தாள். கட்டினதை அவிழ்க்கக் கூடாது என்று அக்கா சட்டம் பேசினார். பேசிக்கொண்டே அவரும் கையுறையை மாட்டிக்கொண்டார்.

மஞ்சள் மூடி போட்ட குழாய்கள் ஏறக்குறைய தொண்ணூறு. எல்லாவற்றிலும் கோடு கோடாய் அச்சடித்த ஒட்டுத்தாள். ஆனால் வீட்டில் எடுத்த குழாயில் அச்சடித்த தாள் ஒட்டும் முன் அவள் பேனாவால் ஒரு வார்த்தை எழுதியிருந்தாள். வெளியே வண்டியின் ஹாரன் கேட்டது. இரண்டாவது பையில், அடியிலிருந்து நாலாவது பிடியில், தாளின் ஓரத்தில் பாதி எழுத்து தெரிந்தது. அத்தை.

குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். சிவப்பு கீழே தங்கி, மேலே தெளிந்த சீரம் ஒரு விரல் அகலம் நின்றது. இன்னொரு தடவை சோதிக்கத் தாராளமாகப் போதும்.

"யாரோட ரத்தம், இப்படித் தேடுற?" என்றார் அக்கா.

"என் மாமியாரோடது."

"மாமியாரோட ரத்தத்தைக் குப்பையில தேடி எடுத்த மருமகளை இப்பத்தான் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு அக்கா பையை மறுபடி கட்டினார்.

இதே மெஷினில் மறுபடி போட்டுப் பயனில்லை. குழாய்க்குள்ளும் பயோட்டின்தான் இருக்கிறது. வேறு விதமாக அளக்கும் மெஷின் வேண்டும். பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் இன்னொரு பரிசோதனை நிலையத்தில் பழைய மெஷின் ஒன்று உண்டு. அதற்குப் பயோட்டின் பசை தேவையில்லை. அங்கே வேலை பார்ப்பவள் இவளோடு படித்தவள். ஆனால் குழாய் வாசலைத் தாண்ட ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும் டாக்டர் அனுமதிக்க வேண்டும்.

கையெழுத்து டாக்டர் அதிகம் பேசாதவர். இவள் சொன்னதை முழுக்கக் கேட்டார், மடிப்புத்தாளைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தார். பிறகு, படிவம் எங்கே என்று மட்டும் கேட்டார்.

"எழுதலை டாக்டர். வீட்டு ஆள்னு விட்டுட்டேன். தப்பு என்னுது."

அவர் மடிப்புத்தாளைத் திருப்பிக் கொடுத்தார். மாத்திரையை நிறுத்திச் சில நாள் கழித்துப் புதிதாக ரத்தம் எடுப்பதுதான் முறை, இதற்கு ஏன் இவ்வளவு அவசரம் என்றார். ஐந்து மணிக்கு வீட்டில் நடக்கப்போவதை அவள் சொன்னாள். ஒரு பெண் இருபத்திரண்டு வருஷம் கட்டிக் காத்ததை நான் கொடுத்த ஒரு தாளை நம்பிக் கொடுக்கப் போகிறார், அந்தத் தாள் தப்பு என்றாள். குரல் தடுமாறவில்லை. தன் தொழில் தெரிந்தவள் தன் தப்பையும் தெளிவாகத்தான் சொல்லுவாள்.

டாக்டர் அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட்டார். என்ன வந்தாலும் புது ரத்தத்தில் ஒரு தடவை உறுதி செய்தாக வேண்டும், மருந்தைச் சிகிச்சை பார்க்கும் டாக்டர்தான் ஆரம்பிப்பார் என்று சொல்லி அனுப்பினார். இவள் வாசலைத் தாண்டும்போது, முடி மாத்திரை பற்றிய கேள்வியைப் படிவத்தில் தனியாகச் சேர்க்கச் சொல்லி அவர் யாருக்கோ போன் செய்வது கேட்டது. காத்திருந்த பெண்மணியை மாத்திரையை நிறுத்திவிட்டு அடுத்த வாரம் வரச் சொல்லிவிட்டு மருமகள் ஓடினாள்.

பழைய மெஷின் மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரே ஒரு தடவைதான் ஓடும், ரிசல்ட் வர நாலு தாண்டும் என்றாள் கூடப் படித்தவள். நாலே காலுக்குப் போன் வந்தது. அவள் எண்ணைச் சொல்லவில்லை. நீயே வந்து பார் என்றாள்.

மருமகள் பார்த்தாள். நாலு நாலரைக்குள் இருக்க வேண்டிய டி.எஸ்.எச். முப்பத்தொன்று. கீழே தைராய்டு ஹார்மோனின் அளவு, இருக்க வேண்டியதைவிட நன்றாகக் குறைவு. இவர்கள் மெஷின் போன வாரம் இரண்டே முக்கால் என்று சொன்ன அதே ரத்தம். மூளை இத்தனை நாள் கதவை உடைக்கிற மாதிரி தட்டிக்கொண்டிருந்திருக்கிறது, ஒருவர் காதிலும் விழவில்லை.

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நோய் இருக்கிறது என்பதற்கு இப்படிச் சந்தோஷப்பட்டவள் அந்தத் தெருவில் அன்று வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள். வைத்தியம் உள்ள நோய் அது. தினம் ஒரு சின்ன மாத்திரை, அவ்வப்போது ஒரு ரத்தப் பரிசோதனை. வயசுக்குத்தான் மாத்திரை கிடையாது.

வழியில் இரண்டு தடவை போன் செய்தும் வீட்டில் ஒருவரும் எடுக்கவில்லை, உள்ளே நுழையும்போது மணி ஐந்து பத்து. அதே சாப்பாட்டு மேஜை. ஒரு பக்கம் ஸ்கூலை வாங்க வந்தவர், எதிரே கணவன், நடுவில் ஒப்பந்தம். மாமியார் கையில் பேனா. முதல் பக்கத்தில் ஏற்கெனவே ஒரு கையெழுத்து விழுந்திருந்தது. மேஜை மூலையில் கார் சாவி இருந்தது, அதை இன்னும் அவர் நகர்த்தவில்லை.

"அத்தை, அடுத்த பக்கத்துல போடாதீங்க" என்றாள்.

கணவன் முகம் சுளித்தான். அவளுக்கு அதைப் பார்க்க நேரமில்லை. நின்றபடியே ஆரம்பம் முதல் சொன்னாள். மாத்திரை, மடிப்புத்தாள், குப்பைப் பை, பழைய மெஷின் எல்லாவற்றையும் சொன்னாள். தான் வாங்கிக் கொடுத்த மாத்திரைதான் தான் எடுத்த பரிசோதனையைக் கெடுத்தது என்பதையும், கேட்க வேண்டிய ஒரு கேள்வியைத் தான் கேட்கவில்லை என்பதையும் மூன்றாம் மனுஷர் எதிரிலேயே சொன்னாள். இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

மாமியார் இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தார். இப்போதெல்லாம் அவருக்கு எதுவும் மெதுவாகத்தான் இறங்கும் என்பதால் எல்லோரும் காத்திருந்தார்கள்.

"அப்ப எனக்கு வயசாகலையா?"

"ஆச்சு அத்தை. அது வேற, இது வேற. உங்க கால் லேட்டானதுக்கு இதுதான் காரணம்."

கணவன் எழுந்து வந்து ரிப்போர்ட்டைக் கையில் எடுத்தான். அவன் கேட்டது நியாயமான கேள்விதான். மருந்து சாப்பிட்டால் அம்மாவின் கால் பழையபடி ஆகுமா, எத்தனை நாளில் ஆகும், அதுவரைக்கும் ரோட்டில் வருகிறவர்களுக்கு யார் பொறுப்பு. மருமகள் மழுப்பவில்லை. அடுத்த வாரம் உறுதி செய்ததும் மருந்து ஆரம்பிக்கலாம், சில வாரத்தில் சோர்வு குறைய ஆரம்பிக்கும், அளவு சரியாக நிற்க மாசக்கணக்கில் ஆகலாம். டாக்டர் சொல்லும்வரை அத்தை அந்த இருக்கையில் உட்காரக் கூடாது என்றாள். அதில் புருஷன் பக்கம்தான் நின்றாள்.

மாமியார் பேனாவை மூடினார். மகனைப் பார்த்தார்.

"லிஃப்ட் நின்னுபோனா நீ என்ன பண்ணுவ? ரிப்பேர் பண்ணுவியா, கட்டடத்தையே விப்பியா?"

ஒப்பந்தத்தை அவனே எடுத்து நாலாக மடித்தான். அம்மாவைப் பார்க்காமல், எனக்குப் பயமா இருந்துச்சும்மா என்றான். அன்று முழுவதும் அவன் சொன்னதில் அதுதான் உண்மையான பேச்சு. மாமியார் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

வாங்க வந்தவர் நல்ல மனுஷர். அவரும் பிரேக்கம்மாவிடம் கற்றவர்தானாம், இந்த இடத்தில் உட்காரவே கூச்சமாக இருந்தது என்று சொல்லிவிட்டு எழுந்தார். ஸ்கூல் திறக்கும்வரை மாணவர்களுக்குத் தன் ஆட்களை அனுப்புவதாகச் சொன்னார். மாமியார் வருகைப் பதிவேட்டை அவரிடம் கொடுத்து, இரவல்தான், திருப்பிக் கொண்டுவரணும் என்று கண்டிப்பாகச் சொன்னார். குரல் தடித்துத்தான் இருந்தது, ஆனால் பழைய அதட்டல் அதற்குள் திரும்பியிருந்தது.

இதோடு முடிந்திருந்தால் இந்த வாரம் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கலாம்.

மருமகள் கைப்பையிலிருந்து காலி டப்பாவை எடுத்து, இதை இனிமேல் வாங்கப்போவதில்லை என்று குப்பைக்கூடையில் போட்டாள். போட்ட கை நின்றது. ஒரு டப்பாவில் அறுபது மாத்திரை. தினம் ஒன்று. இரண்டு மாசத்தில் ஒரு டப்பாதானே தீரும்? கடைக்காரர் கொடுத்தது இரண்டு.

"அத்தை, இன்னொரு டப்பா எங்கே?"

"அன்னைக்கே உன் நாத்தனார்கிட்ட கொடுத்துட்டேனே. அவளுக்கும் முடி கொட்டுதுன்னு சொன்னா."

நாத்தனார் நாலு மாசம் முழுகாமல் இருக்கிறாள். ஒரு மணி நேரத் தூரத்தில் புருஷனோடு இருக்கிறாள். மூன்று வாரத்துக்கு முன் இங்கே வந்திருந்தபோது, பிள்ளைத்தாய்ச்சிக்குத் தைராய்டு பார்ப்பது அவசியம் என்று இதே மேஜையில் கையை நீட்டச் சொன்னவளும் மருமகள்தான். அன்றும் படிவம் எழுதவில்லை. அன்றும் நார்மல் என்றுதான் வந்தது. அந்தக் குழாய் குப்பைக்குப் போய் இரண்டு வாரம் ஆகிறது.

போனை எடுத்தாள். ஆறேழு தடவை மணி அடித்த பிறகுதான் அந்தப் பக்கம் எடுத்தார்கள்.

"என்ன அண்ணி... தூங்கிட்டிருந்தேன்."

மணி ஐந்தரை. ஸ்பீக்கரில் வந்த அந்தக் குரல், தொண்டைக்குள் பஞ்சை வைத்த மாதிரி இருந்தது. மாமியார் தலையைத் தூக்கினார். அவருக்கு அது சொந்தக் குரல் மாதிரியே கேட்டிருக்க வேண்டும்.

மருமகள் பதறவில்லை. அந்த முடி மாத்திரையை இன்னும் சாப்பிடுகிறாயா என்று சாதாரணமாகக் கேட்டாள். தினமும் தவறாமல் சாப்பிடுவதாகப் பதில் வந்தது. இனிமேல் வேண்டாம், ஒன்றும் பயப்படாதே, நாங்கள் இப்போது அங்கே வருகிறோம், கொஞ்சம் ரத்தம் எடுக்கணும் என்று சொல்லி வைத்தாள். பழைய மெஷின் இருக்கும் இடம் எட்டு மணிவரை திறந்திருக்கும். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். இன்று கொண்டுவந்து கொடுத்தால் நாளைய ஓட்டத்தில் முதல் குழாயாகப் போட்டுவிடுவாள் கூடப் படித்தவள். வயிற்றில் வளரும் பிள்ளைக்கு அம்மாவின் சுரப்பியை விட்டால் இப்போது வேறு கதியில்லை. ஒரு நாளைக்கூட வீணாக்க அவளுக்கு மனசில்லை. பஸ்ஸை நம்பினால் எட்டு மணிக்குத் திரும்ப முடியாது.

கணவன் சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டான். ஆனால் இந்த வீட்டு வேடிக்கை உங்களுக்குத் தெரிந்ததுதானே. பிரேக்கம்மாவின் மகனுக்குக் கார் ஓட்டத் தெரியாது. மேலும் கீழும் போகிறதைத் தவிர வேறு எந்த வண்டியிலும் அவனுக்கு நம்பிக்கையில்லை.

மாமியார் மேஜை மூலையிலிருந்த சாவியை எடுத்தார். ஐந்து நாளாக மகன் கேட்டும் கொடுக்காத சாவி. அதை மருமகளின் உள்ளங்கையில் வைத்து அவள் விரல்களை மூடினார்.

"நீ ஓட்டு."

"நானா? கேட்ல இடிச்சவ அத்தை நான்."

"நான் சுவத்துல இடிச்சவ. இடிச்சா என்ன, சரிபண்ணிட்டுப் போறோம்" என்றார் மாமியார். "நான் பின்னாடி உட்கார்ந்துக்கிறேன். வாயைத் திறக்க மாட்டேன்."

ரத்தம் எடுக்கும் ஊசி, மஞ்சள் மூடிக் குழாய் இரண்டு, ஐஸ் டப்பா. கடைசியாகக் கைப்பையைத் துழாவி ஒரு வெற்றுப் படிவத்தை எடுத்து மேலே வைத்தாள். கணவன் பின்னால் போய்க் கேட்டை விரியத் திறந்து பிடித்துக்கொண்டான். ஒற்றை முன்விளக்கோடு கார் உறுமியது.

அவள் கண்ணாடியைப் பார்த்தாள். அதில் மாமியாரின் முகம் தெரிந்தது, உதட்டை இறுக்கி மூடியிருந்தார். ரிவர்ஸ் கியரைப் போட்டு, கை நடுங்காமல் கேட்டைத் தாண்டினாள்.